கவ்.யூகே: உதவி மேசையிலிருந்து ஒரு மதிப்புரை

பிரிட்டிஷ் அரசாங்கத்தின் கவ்.யூகே (GOV.UK) தளத்தை நான் பெரும்பாலும் மற்றவர்களுக்காகத்தான் திறக்கிறேன். லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஒரு சமூகக் கூடத்தில் சனிக்கிழமை காலைகளில் லேப்டாப்போடு உட்காருவேன். வயதானவர்கள், புதிதாக வந்தவர்கள், கடையில் சரளமாக இங்கிலீஷ் பேசினாலும் படிவம் என்றதும் கை நடுங்குகிறவர்கள் எல்லாம் வருவார்கள். யாழ்ப்பாணம், வவுனியா, தஞ்சாவூர், எங்கள் திருச்சி என்று எல்லா ஊர்த் தமிழும் அந்த மேசையில் கேட்கும். ஓட்டுப் பதிவு, கார் டாக்ஸ், பென்ஷன், பாஸ்போர்ட் என்று எதற்கு வந்தாலும் வாசல் இந்த ஒரே தளம்தான்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கையாண்ட அரசுத் தளங்களில் இதுதான் சிறந்தது. மக்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்த்து, அந்த இடத்தைச் சரிசெய்து, சரியானதா என்று மறுபடியும் பார்க்கிற பழக்கம் இதை நடத்துகிறவர்களிடம் இருக்கிறது. அந்தப் பழக்கத்தின் பலனை என் மேசைக்கு வருகிறவர்கள் ஒவ்வொரு வாரமும் அனுபவிக்கிறார்கள். ஆனால் ஒரு வகைத் தடுமாற்றம் மட்டும் அவர்கள் கண்ணில் சரியாகப் படுவதில்லை என்று நினைக்கிறேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

கதையைச் சுருக்கமாகச் சொன்னால், 2010-இல் இணையத் தொழில்முனைவோர் மார்த்தா லேன் ஃபாக்ஸ் அரசாங்கத்துக்கு ஓர் ஆலோசனை அறிக்கை கொடுத்தார். துறைக்கு ஒரு தளம் என்று சிதறிக் கிடப்பதை விட்டுவிட்டு எல்லாவற்றையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவாருங்கள், பயன்படுத்துகிறவர்களின் தேவையை முன்னால் வையுங்கள் என்றார். அதிலிருந்து அரசு டிஜிட்டல் சேவை என்ற அமைப்பு பிறந்தது. 2012 அக்டோபர் 17 அன்று டைரக்ட்கவ், பிசினஸ் லிங்க் என்ற இரண்டு பெரிய தளங்களை நீக்கிவிட்டு கவ்.யூகே வந்தது. அடுத்த ஆண்டே லண்டன் டிசைன் மியூசியம் ஆண்டின் சிறந்த வடிவமைப்பு என்ற விருதை இதற்குக் கொடுத்தது. கறுப்பு எழுத்து, வெள்ளைப் பின்னணி, ஒரு பச்சை பட்டன், பெரும்பாலும் படம்கூடக் கிடையாது. அப்படிப்பட்ட தளத்துக்கு டிசைன் விருதா என்று கேட்டவர்கள் உண்டு. அதில் ஒரு படிவத்தை நிரப்பிப் பார்த்தவர்கள் கேட்க மாட்டார்கள்.

பிறந்த தேதி கேட்கும் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நாள், மாதம், வருடம் என்று மூன்று வெறும் கட்டங்கள். மேலே சிறிய எழுத்தில் ஓர் உதாரணத் தேதி. அவ்வளவுதான். பார்க்க ஒன்றுமே இல்லாதது போல இருக்கும். ஆனால் வேறொரு நாட்டு அலுவலகத்தின் படிவம் ஒன்றை (பெயர் வேண்டாம்) என் மேசையில் அடிக்கடி நிரப்ப வேண்டிவரும். அதில் தேதிக் கட்டத்தைத் தொட்டால் காலண்டர் விரியும். அது இந்த மாதத்தில் நிற்கும். 1948-இல் பிறந்த ஒருவர் அம்புக்குறியைத் தட்டித் தட்டி மாதம் மாதமாகப் பின்னால் போக வேண்டும். பாதி வழியில் விரல் தவறி வெளியே பட்டால் காலண்டர் மூடிக்கொள்ளும், மறுபடியும் இந்த மாதத்திலிருந்து ஆரம்பம். அரசுப் பக்கங்களை உருவாக்குகிறவர்களுக்கான கவ்.யூகே வடிவமைப்பு வழிகாட்டி இதைத் தெளிவாகவே சொல்கிறது: பிறந்த தேதி போல மனப்பாடமாகத் தெரிந்த தேதிக்கு மூன்று கட்டம் கொடுங்கள், விசைப்பலகையில் அவர்களே அடித்துக்கொள்வார்கள். அடித்தும்கொள்கிறார்கள். ஓர் ஐயா மூன்று கட்டத்தையும் தானே நிரப்பிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்து, "பிள்ளை, அடுத்தது என்ன கேக்கினம்?" என்றார். அடுத்த பக்கத்தையும் அவரே நிரப்பினார்.

அடுத்த பக்கம் என்பதும் முக்கியம். கவ்.யூகே படிவங்கள் பெரும்பாலும் ஒரு பக்கத்துக்கு ஒரே கேள்விதான் கேட்கும். ஓட்டுப் பதிவைப் பாருங்கள். எங்கே வசிக்கிறீர்கள், எந்த நாட்டுக் குடியுரிமை, பிறந்த தேதி, பெயர், நேஷனல் இன்ஷூரன்ஸ் நம்பர் (வேலை, பென்ஷன் கணக்குக்காக ஆளுக்கொன்றாக அரசு தருவது), முகவரி என்று ஒவ்வொன்றாக வரும். பக்கங்கள் கூடுகின்றனவே, நேரம் ஆகாதா என்று தோன்றும். ஆகாது. ஒரே பக்கத்தில் இருபது கட்டங்களைப் பார்த்தால் மூடிவைத்துவிட்டு மகனிடம் கேட்டுக்கொள்ளலாம் என்று எழுந்துவிடுகிறவர்கள், ஒரு கேள்வியைப் பார்த்தால் பதில் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போகிறார்கள். (இந்திய, இலங்கைக் குடியுரிமை உள்ளவர்களும் காமன்வெல்த் நாட்டவர் என்ற முறையில் இங்கே சட்டப்படி வசித்தால் ஓட்டுப் போடலாம். இது தெரியாமல் வருடக்கணக்கில் பதியாமல் இருப்பவர்கள் நம்மில் நிறையப் பேர். குடியுரிமை கேட்கும் பக்கம் வந்ததும் பயந்து நிறுத்திவிடாதீர்கள்.)

மக்களிடமிருந்து கற்றுத் திருத்தியதற்கு எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் எண் கட்டம். இணையப் பக்கங்களில் எண்ணுக்கென்றே ஒரு வகைக் கட்டம் உண்டு. ஓரத்தில் மேலும் கீழுமாக இரண்டு குட்டி அம்புகள் இருக்கும். அதில் 250 என்று அடித்துவிட்டு, கீழே என்ன இருக்கிறது என்று பார்க்க மவுஸ் சக்கரத்தை உருட்டுகிறீர்கள். பக்கம் நகர்வதற்குப் பதிலாக 250 சத்தமில்லாமல் 247 ஆகிவிடும். உங்கள் கண் பக்கத்தின் அடியில் இருக்கும், கட்டத்தைப் பார்த்திருக்க மாட்டீர்கள். எந்த எச்சரிக்கையும் வராது, ஏனென்றால் 247-உம் சரியான எண்தானே. பணம் கேட்கும் படிவத்தில் இது நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். குரலால் கணினியை இயக்குகிறவர்களுக்கான டிராகன், பார்வையற்றவர்களுக்காகத் திரையை வாசிக்கும் என்விடிஏ போன்ற மென்பொருள்களோடும் அந்தக் கட்டம் ஒத்துப்போகவில்லை. 2020 பிப்ரவரியில் கவ்.யூகே வடிவமைப்புக் குழு இதையெல்லாம் வெளிப்படையாக எழுதி, இனிச் சாதாரண எழுத்துக் கட்டத்தையே பயன்படுத்துங்கள், போனில் திறந்தால் எண் விசைப்பலகை மட்டும் வரும்படி ஒரு குறிப்பு சேருங்கள் என்று வழிகாட்டியை மாற்றியது. இந்த மாற்றம் எந்தச் செய்தியிலும் வராது. ஆனால் வாடகைத் தொகையை அடித்துவிட்டுச் சக்கரத்தை உருட்டும் ஓர் அம்மாவின் தொகை அப்படியே இருக்கிறது.

பெயர் விஷயத்துக்கு வருகிறேன், நம்மவர்களுக்கு இதில்தான் வேதனை அதிகம். நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்து முன்னால், நம் பெயர் பின்னால். சிலருக்கு ஊர்ப் பெயரின் எழுத்தும் சேர்ந்து இரண்டு இனிஷியல். இதை முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டத்தில் திணிக்கும்போது ஒருவரே மூன்று அலுவலகங்களில் மூன்று பெயராகிவிடுகிறார். கவ்.யூகே வழிகாட்டி, எல்லோருடைய பெயரும் முதல், கடைசி என்ற அமைப்பில் அடங்காது என்று சொல்லி, தேவையில்லாமல் பிரிக்காதீர்கள், முழுப் பெயர் என்று ஒரே கட்டம் போதுமா என்று பாருங்கள் என்கிறது. மிஸ்டர், மிஸஸ் கேட்பதைத் தவிர்க்கச் சொல்கிறது. பெயர்க் கட்டத்தில் எழுத்துப்பிழை பார்க்கும் வசதியை அணைத்துவைக்கவும் சொல்கிறது. இந்தக் கடைசி ஒன்று எவ்வளவு பெரிய விஷயம் என்பது, தன் சொந்தப் பெயருக்கு அடியில் சிவப்பு நெளிகோடு ஓடுவதைப் பார்த்து "தப்பா அடிச்சிட்டேனா?" என்று கேட்ட பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால்தான் தெரியும். பாஸ்போர்ட், விசா சம்பந்தமானவற்றில் பயண ஆவணத்தில் உள்ளபடி பிரித்துத்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது. அங்கே பாஸ்போர்ட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அதில் எப்படியோ அப்படியே அடியுங்கள். வீட்டில் கூப்பிடும் வரிசை அங்கே உதவாது.

பிழைச் செய்திகளும் நல்ல மாதிரி. எங்காவது தவறிருந்தால் பக்கத்தின் உச்சியில் சிவப்பு எல்லை போட்ட ஒரு பெட்டி வரும். 'ஒரு சிக்கல் இருக்கிறது' என்று தலைப்பு, கீழே என்ன சிக்கல் என்று ஒரு வரி. அந்த வரியைத் தொட்டால் நேராக அந்தக் கட்டத்துக்கே போகலாம். கட்டத்துக்கு மேலேயும் அதே வரி. 'பிறந்த தேதியில் வருடம் இருக்க வேண்டும்' என்பது போல, என்ன செய்ய வேண்டும் என்று சொல்வார்கள். 'செல்லாது', 'மறந்துவிட்டீர்கள்' போன்ற சொற்களைத் தவிர்க்கச் சொல்கிறது வழிகாட்டி. மன்னிக்கவும், தயவுசெய்து என்றுகூட வேண்டாம் என்கிறது, ஏனென்றால் பதற்றத்தில் இருப்பவருக்கு வேண்டியது அடுத்து என்ன செய்வது என்ற ஒரே தகவல். இதைப் படித்தபோது எனக்கு அந்தக் குழு மேல் பெரிய மரியாதை வந்தது. இலங்கையில் கச்சேரி என்கிற மாவட்ட அலுவலகம், இந்தியாவில் தாலுகா ஆபீஸ் என்று வாசல்களில் நின்று வளர்ந்த நமக்கு, அரசாங்கம் நம்மைக் குற்றம் சொல்லாமல் பேசினாலே பாதி பயம் போய்விடும்.

சரி, பயன்படுத்துகிறவர்கள் சொல்வது இவர்களுக்கு எப்படிப் போய்ச் சேருகிறது? ஏறத்தாழ எல்லாப் பக்கங்களின் அடியிலும், இந்தப் பக்கம் பயனுள்ளதாக இருந்ததா என்று ஒரு கேள்வி இருக்கும். ஆம், இல்லை, பக்கத்தில் உள்ள சிக்கலைத் தெரிவிக்க என்று மூன்று வழி. மூன்றாவதைத் தொட்டால் இரண்டு கட்டங்கள்: என்ன செய்துகொண்டிருந்தீர்கள், என்ன தவறாயிற்று. கூடவே நேஷனல் இன்ஷூரன்ஸ் நம்பர், கார்டு விவரம் போன்றவற்றை எழுத வேண்டாம் என்ற எச்சரிக்கை. இரண்டாவது கேள்வியை மட்டும் கேட்டிருந்தால் 'வேலை செய்யவில்லை' என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விடுவோம். என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று முதலில் கேட்பதால்தான், 'என் மனைவி இறந்துவிட்டார், அவருடைய பென்ஷனை யாரிடம் சொல்வது என்று தேடினேன்' என்பது போன்ற வரி வருகிறது. திருத்துகிறவருக்கு அதுதான் வேண்டும். நீங்களும் எழுதுங்கள். எந்தப் பக்கம், எந்தச் சொல்லில் நின்றீர்கள், என்ன எதிர்பார்த்தீர்கள் என்று மூன்று வரி போதும். திட்டி எழுதினால் மனசு ஆறும், பக்கம் மாறாது.

அந்தப் பெட்டியைத் தாண்டி இன்னொரு வழியும் உண்டு, பலருக்குத் தெரியாது. வடிவமைப்பு வழிகாட்டி 2018-இலிருந்து எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. கட்டம், பட்டன் போன்ற பல உறுப்புகளுக்கான பக்கங்களில், இதை எங்கே சோதித்தோம், இன்னும் எதில் ஆய்வு தேவை என்று குழுவே எழுதி வைத்திருக்கிறது. யார் வேண்டுமானாலும் மென்பொருள் உருவாக்குகிறவர்கள் கூடும் கிட்ஹப் தளத்தில் போய்த் தாங்கள் கண்டதைச் சேர்க்கலாம். தனக்குத் தெரியாததை அரசாங்கம் இப்படி எழுதிவைப்பதை நான் வேறெங்கும் அதிகம் பார்த்ததில்லை. துறைகளும் இந்த வழியில் போய்ப் பலன் கண்டிருக்கின்றன. நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கான கேரர்ஸ் அலவன்ஸ் என்ற உதவித்தொகைப் படிவத்தை இணையத்துக்கு மாற்றும்போது, பயன்படுத்துகிறவர்களோடு உட்கார்ந்து பார்த்து, ஏறத்தாழப் பாதிக் கேள்விகளை எடுத்துவிட்டார்கள். படுக்கையில் இருக்கும் கணவரைக் கவனித்துக்கொண்டே அதை நிரப்புகிற ஒருவருக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி!

சறுக்கல்களும் உண்டு, அவை பதிவிலேயே இருக்கின்றன. 2016 ஜூன் 7, ஐரோப்பிய யூனியன் வாக்கெடுப்புக்குப் பெயர் பதியக் கடைசி நாள். இரவு பத்து மணிக்கு மேல் கூட்டம் தாங்காமல் பதிவுத் தளம் விழுந்துவிட்டது. நள்ளிரவுக்குள் பதிய முடியாமல் பலர் தவித்தார்கள். அரசாங்கம் கெடுவை ஜூன் 9 வரை நீட்டச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. இதைவிடப் பெரிய தோல்வி வெரிஃபை. அரசுச் சேவைகளுக்கு இணையத்திலேயே அடையாளம் நிரூபிக்க 2016-இல் முழுமையாக வந்த திட்டம் அது. 2020-க்குள் 2.5 கோடிப் பேர் சேருவார்கள் என்பது இலக்கு. தேசியத் தணிக்கை அலுவலகம் 2019-இல் பார்த்தபோது 36 லட்சம் பேர்தான் சேர்ந்திருந்தார்கள். முயன்றவர்களில் 48 சதவீதம் பேருக்குத்தான் முதல் தடவையில் அடையாளம் உறுதியானது. எதிர்பார்த்தது 90 சதவீதம். பாதிப் பேர் வாசலிலேயே திரும்பிப் போகிறார்கள் என்பதைவிடத் தெளிவான பின்னூட்டம் வேறென்ன வேண்டும்? ஆனாலும் 2023 வரை அது இழுத்துக்கொண்டே போனது. தேதிக் கட்டத்தில் அவ்வளவு கூர்ந்து கேட்கிற காது, பெரிய திட்டம் என்று வந்ததும் மந்தமாகிவிட்டது. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

இப்போது அதன் இடத்தில் ஒன் லாகின் வருகிறது. பல சேவைகளுக்கு ஒரே கணக்கு. வருகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: ஒரு ஈமெயிலுக்கு ஒரு கணக்குதான். கணவனும் மனைவியும் ஒரே ஈமெயில் வைத்திருந்தால், அல்லது மகளின் ஈமெயிலையே எல்லாவற்றுக்கும் கொடுத்துப் பழகியிருந்தால், முதலில் ஆளுக்கொரு ஈமெயில் உண்டாக்கிக்கொள்ளுங்கள். பாதுகாப்புக் குறியீடு உங்கள் போனுக்கு வரும்படி வையுங்கள். மகன் மான்செஸ்டரில் வேலையில் இருக்கும்போது குறியீடு அவன் போனுக்குப் போனால், நீங்கள் இங்கே காத்துக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

இனி நான் கடைசியில் சொல்கிறேன் என்றது. என் மேசையில் ஒரு படிவம் நிரம்பும்போது அந்தப் பக்கத்தில் என்ன பதிவாகும்? வேகமாக அடிக்கிற, ஆங்கிலம் தெரிந்த, ஒரு கட்டத்திலும் தடுமாறாத ஒருவர். அது நான். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற, இந்தப் படிவம் யாருக்குரியதோ அந்த அம்மா எந்தக் கணக்கிலும் வரமாட்டார். எந்தச் சொல் அவருக்குப் புரியவில்லை, எந்தக் கேள்வியில் என் கையைப் பிடித்து "இதைச் சொன்னா காசை நிறுத்திருவாங்களா?" என்று கேட்டார் என்பதெல்லாம் எங்கள் இருவருக்கும் நடுவில் தமிழில் நடந்து முடிந்துவிடுகிறது. பக்கத்தின் அடியில் உள்ள பயனுள்ளதா என்ற கேள்வியை அவர் பார்ப்பதே இல்லை. பார்த்தாலும் அதில் எழுத ஆங்கிலம் வேண்டும். சேவைப் படிவங்கள் ஆங்கிலத்திலும் பலவற்றில் வெல்ஷ் மொழியிலும் இருக்கின்றன. எல்லா மொழியிலும் படிவம் வேண்டும் என்று நான் கேட்கவில்லை, அதன் செலவும் சிரமமும் எனக்குப் புரிகிறது. ஆனால் கருத்துச் சொல்லும் அந்த இரண்டு கட்டங்களில் எந்த மொழியிலும் எழுதலாம் என்று ஒரு வரி சேர்க்கலாமே. மொழிபெயர்த்துப் படிப்பது இன்று பெரிய வேலை இல்லை.

அரசின் சேவைத் தரவிதிகளில் ஐந்தாவது, எல்லோரும் சேவையைப் பயன்படுத்த முடிய வேண்டும் என்பது. இணையம் கைவராதவர்களுக்கு உதவி ஏற்பாடு செய்ய வேண்டும் என்பதும் அதில் சேர்ந்ததுதான். அந்த உதவியின் பெரும்பகுதி இங்கே பிள்ளைகள், பக்கத்து வீட்டுக்காரர்கள், கோயில் அலுவலகத்தில் இருக்கிற அண்ணா, லைப்ரரியில் இருக்கிற அக்கா இவர்கள் மூலமாகத்தான் நடக்கிறது. படிவம் முடிந்ததும் வருகிற கருத்துப் பக்கத்தில் ஒரு கேள்வி சேர்த்தால் போதும்: இதை வேறொருவருக்கு உதவியாக நிரப்பினீர்களா, அவர் எங்கே நின்றார்? பதில் சொல்ல என்னைப் போல ஆயிரம் பேர் காத்திருக்கிறோம். அடித்துக் கொடுப்பவரிடமும் கேட்டால்தான் யாருக்காக அடித்தாரோ அவர் குரல் வெளியே வரும்.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுக்கிறேன், மனசார. மேலே எழுதிய யோசனையை அந்தப் பெட்டியிலும் ஆங்கிலத்தில் எழுதி அனுப்பியிருக்கிறேன். என் மேசையைப் போலவே உங்கள் ஊரிலும் யாராவது உட்கார்ந்திருந்தால் அவர்களையும் அனுப்பச் சொல்லுங்கள். எந்தப் பக்கம், எந்தக் கேள்வி, யாருக்காக நிரப்பினீர்கள் என்று எழுதுங்கள். பெயரும் நம்பரும் மட்டும் வேண்டாம்.